அவரவர் ஊர் நாலரை மணி

முட்டாள் என்றால் கைநாட்டு வைக்கிறவன் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். நான் சொல்லப்போகிற மூன்று பேரும் பட்டதாரிகள். ஒருவர் வணிகவியல், ஒருவர் விலங்கியல், இளையவர் இரண்டு பட்டம் வாங்கியவர். நாலு பட்டத்தையும் சட்டம் போட்டு முன்கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது, மூன்று வருஷமாக.

கரூர்ப் பக்கம் வெள்ளைக்கல்பாளையத்தில் குழந்தையம்மாள் என்று ஒரு அம்மாள். சமையலறையில் கை துடைக்கிற துண்டு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். அறுபது தையல் மிசின், அறுபது பெண்கள். படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் எந்த நாட்டுக்காரன் எப்போது காப்பி குடிப்பான், எப்போது கடுதாசி படிப்பான் என்று விரல் நுனியில் வைத்திருப்பார். இப்படிப்பட்ட கெட்டிக்காரி வாழ்க்கையில் ஒரே ஒரு தப்புதான் செய்தார். அதை மூன்று தடவை செய்தார். மூன்று பெண்களுக்கும் வீட்டோடு மாப்பிள்ளை பார்த்தார்.

பெரிய மாப்பிள்ளை நாச்சிமுத்து, நடுவர் சென்னியப்பன், கடைசி அத்தியப்பன். ஒருவரையொருவர் 'சகலை' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அப்படி ஒரு மரியாதை, அப்படி ஒரு ஒற்றுமை. ஒருவர் தப்பாக யோசித்தால் மற்ற இருவரும் அதை நிதானமாகச் சரிபார்த்து, சரிதான் என்று சொல்லிவிடுவார்கள்.

இனி வாங்குகிறவர்களைப் பார்ப்போம். அந்தக் கம்பெனிக்கும் மூன்று பங்காளிகள். டொரண்டோவில் மார்கரெட் அம்மாள், ஹாம்பர்க்கில் டீட்டர், சிட்னியில் காலின். இந்த வருஷம் புது மாதிரித் துண்டு. மூவரும் கம்ப்யூட்டரில் ஒன்றாக உட்கார்ந்து பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்க வேண்டும். உட்காருவதற்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. காலை ஏழு மணிக்கு நான் பல்கூடத் தேய்க்க மாட்டேன் என்றார் மார்கரெட். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார் டீட்டர். ராத்திரி பத்துக்கு மேல் என் பெண்டாட்டியே என்னைப் பார்க்க முடியாது என்றார் காலின். பதினைந்து நாள் சண்டை போட்டுக் களைத்துப்போய், குழந்தையம்மாளுக்கே எழுதிவிட்டார்கள்: 'நீங்களே ஒரு நேரம் சொல்லுங்கள். இந்த வெள்ளிக்கிழமை பார்த்தாக வேண்டும். தவறினால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும்.'

அந்த வாரம் பார்த்து அம்மாளுக்குக் கோயம்புத்தூரில் கண்புரை ஆபரேஷன். ஒரு வாரம் போனைப் பார்க்கக் கூடாது, கவலைப்படக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. துணைக்கு மூத்த பெண் கிளம்பினாள். அக்கா போகிறாளே என்று நடுவளும், இரண்டு பேரும் போகிறார்களே என்று இளையவளும் கிளம்பினார்கள். வீட்டில் புத்தியுள்ளவர் என்று சொல்ல ஒருவரும் மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறும்போது அம்மாள் சொன்னார்: "மாப்ளைங்களா, மூணு பேருக்கும் ஆகற ஒரு நேரமாப் பாத்து எழுதிப் போடுங்க. வெள்ளிக்கெழம துண்டைக் காட்டுங்க. ஒரே ஒரு ஆர்டர் வாங்கிக் குடுத்தீங்கன்னாப் போதும். வேற ஒண்ணுஞ் செய்யாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கார் போனதும் கட்டிங் மேஸ்திரி பூங்கொடி வந்து நின்றாள். பதினெட்டு வருஷமாக அங்கே துணி வெட்டுகிறவள். "அண்ணா, இந்த ஆர்டர் வல்லைன்னா தீவாளி கழிஞ்சு அறுபது மிசினையும் துணி போத்தி மூடோணும். எம் புள்ளைக ரெண்டும் இந்த மிசினை நம்பித்தான் படிக்குதுங்க. பாத்துச் செய்யுங்ணா" என்றாள்.

"பயப்படாதம்மா. நாங்க மூணு பேர் இருக்கறோம்" என்றார் நாச்சிமுத்து.

அதனால்தான் பயமாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. நல்ல வளர்ப்பு.

திங்கட்கிழமை ஆளுக்கு ஒரு ஊர் என்று பிரித்துக்கொண்டார்கள். நாச்சிமுத்துவுக்கு டொரண்டோ, சென்னியப்பனுக்கு ஹாம்பர்க், அத்தியப்பனுக்கு சிட்னி. கரூருக்குப் போய் மூன்று சுவர்க் கடிகாரம் வாங்கினார்கள். கடைக்காரர் நேரம் வைத்துத் தரட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாமுங்க. அந்தந்த ஊர்க்காரங்களையே கேட்டு வெச்சுக்கறோம். நீங்க டொரண்டோ போயிருக்கீங்களா?" என்றார் நாச்சிமுத்து.

கடைக்காரர் போனதில்லை. பார்த்தீர்களா என்பது போல மற்ற இருவரையும் பார்த்தார் நாச்சிமுத்து.

வீட்டுக்கு வந்ததும் மார்கரெட் அம்மாளுக்கு ஒரு கடிதம் தட்டிவிட்டார்: 'உங்கள் ஊரில் இப்போது மணி என்ன?' அந்த அம்மாள் காலையில் எழுந்து பார்த்து, 'எட்டேகால்' என்று பதில் போட்டார். இவர் அதை மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு எழுந்துதான் பார்த்தார். பார்த்த கையோடு கடிகாரத்தில் எட்டேகால் வைத்தார். சரியா என்று தெரிய வேண்டாமா? மறுபடி கேட்டார். 'பதினொன்றரை' என்று பதில் வந்தது. மூன்றாம் தடவை, 'நாலு பத்து. உங்களுக்கு உடம்பு சரியில்லையா?' என்று வந்தது.

"பாருங்க சகலை, ஒரு தடவை எட்டேகாலுங்கறாங்க, ஒரு தடவை பதினொன்றரைங்கறாங்க. என்ன ஊருங்க இது?" என்று நாச்சிமுத்து நொந்துகொண்டார்.

விலங்கியல் படித்த சென்னியப்பன் யோசித்தார். "அது பனி பெய்யற ஊருங்க. மணி ஒறைஞ்சு ஒறைஞ்சு ஓடுமாட்டம் இருக்குது."

"எந்த ஊர்ல மணி என்னன்னு போன்லயே தெரியுமுங்க சகலை" என்றார் அத்தியப்பன்.

"அட, இதை முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா?"

"நீங்க கேக்கலீங்களே."

அதுவும் நியாயம்தான் என்று ஏற்றுக்கொண்டார்கள். மூன்று கடிகாரத்தையும் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினார்கள்.

இதற்கு நடுவே வேறு ஒன்றும் செய்யக் கூடாது என்ற கட்டளையை மூவரும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு வெள்ளாடு கட்டிங் அறைக்குள் புகுந்து துண்டுத்துணியை மென்றுகொண்டிருந்தது. மூவரும் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

"முடுக்கி உடலாமுங்களா?" என்றார் சென்னியப்பன்.

"அத்தை ஆட்டைப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலீங்களே."

பூங்கொடி ஓடிவந்து விரட்டினாள். அவளுக்கு எந்தக் கட்டளையும் இல்லை, செய்யலாம்.

புதன்கிழமை காலை உண்மையான வேலை ஆரம்பமானது. நம் ஊரில் ஒரு செம்பு வாங்குவதென்றாலும் காலண்டர்த் தாளைப் பார்க்காமல் வாங்குவோமா? மூவரும் வெள்ளிக்கிழமைத் தாளைப் பிரித்தார்கள். ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. எமகண்டம் மூன்று முதல் நாலரை. குளிகை ஏழரை முதல் ஒன்பது. அத்தியப்பன் குறித்துக்கொண்டே வந்தவர் திடீரென்று பேனாவைக் கீழே வைத்தார்.

"சகலை, ஒரு சந்தேகமுங்க. நமக்குப் பத்தரைக்கு ராகு காலம். அந்தம்மாளுக்கு எப்பங்க?"

மற்ற இருவரும் காலண்டர்த் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்கள்.

"அதெப்புடிங்க, ராகு ஊருக்கு ஊரு தனித்தனியா இருப்பாருங்களா?" என்றார் சென்னியப்பன்.

"ராகு ஒருத்தருதானுங்க" என்று நாச்சிமுத்து கண்டிப்பாகச் சொன்னார். "கோயில்ல ஒரு சிலைதானுங்களே இருக்குது?"

"அப்ப அவரு வரிசையா வாராருங்க. முதல்ல சிட்னி. அதை முடிச்சுப்போட்டு நம்ம ஊரு. அப்பறம் ஹாம்பர்க். கடைசியா டொரண்டோ. நம்ம டவுன் பஸ்ஸாட்டம்."

"பின்னாலயே எமகண்டமும் வருமுங்க."

"அப்ப அத்தை சொன்ன மாதிரி மூணு பேருக்கும் ஆகோணுமின்னா, நாலு ஊர்லயும் அவரு இல்லாத நேரமாப் பாக்கோணும்!"

சிரிக்காதீர்கள். இதுவரைக்கும் கணக்கு சரி. கட்டிங் மேசையில் சாக்குக்கட்டியால் ராகு வருகிற வழியைக் கோடு போட்டார்கள். மூன்று கெட்ட நேரம், நாலு ஊர், ஆக மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால் பகல் முழுக்க அடிபட்டுப் போயிற்று. சாயங்காலம் ஆறு மணிக்கு அத்தியப்பன் கத்தினார்: "கெடைச்சுப்போச்சுங்க! நம்ம ஊரு வெள்ளிக்கெழம சாயங்காலம் நாலரையில இருந்து அஞ்சு. நாலு ஊர்லயும் ராகு இல்லை, எமகண்டமில்லை, குளிகையுமில்லை!"

நம் ஊர் நாலரை என்றால் டொரண்டோவில் காலை ஏழு, ஹாம்பர்க்கில் பகல் ஒன்று, சிட்னியில் ராத்திரி பத்து. உலகத்தில் எந்தப் புத்திசாலியைக் கேட்டாலும் அந்த மூன்று ஊருக்கும் இதைவிட நல்ல நேரம் சொல்ல முடியாது. குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்தே விட்டது. அதோடு விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லவேண்டிய அவசியமே வந்திருக்காது.

"ஆனா ஒண்ணுங்க சகலை" என்றார் சென்னியப்பன். "நாம டீ குடிச்சுப்போட்டு சாவகாசமா உக்காருவோம். அந்தம்மா பல்லுத் தேய்க்காம வந்து உக்காரோணும். ஒரு பொம்பளையை இப்படி நடத்தறது மரியாதையுங்களா?"

நாச்சிமுத்துவுக்கு முகம் வாடிவிட்டது. மரியாதை என்றால் அவருக்கு உயிர். வெகுநேரம் மேசையைச் சுற்றி நடந்தார். பிறகு நின்றார்.

"நாலரைங்கறது எல்லா ஊர்லயும் வருமுங்களா, இல்லீங்களா?"

"வருமுங்க. தினமும் வருமுங்க."

"அங்கெல்லாம் நாலரைக்கு எமகண்டம் முடிஞ்சிருமுங்களா?"

"அவங்கவங்க ஊரு மணிக்கு முடிஞ்சிருமுங்க."

"நாலரைக்கு எந்த ஊர்லயாச்சும் தூங்குவாங்களா?"

"தூங்கமாட்டாங்க."

"அப்பறம் என்னங்க? அவரவர் ஊர் நாலரைக்கு அவரவர் வரட்டும். யாருக்குந் தொந்தரவில்லை. மூணு பேருக்கும் ஒரே நேரம்!"

மற்ற இருவரும் நிதானமாகச் சரிபார்த்தார்கள். சரிதான் என்றார்கள். சென்னியப்பன் பெரிய சகலையின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். உலகம் முழுக்க இத்தனை பேர் படித்திருந்தும் இது ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் அவருக்கு வருத்தம்.

அன்றைக்கே மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் போயிற்று: 'வெள்ளிக்கிழமை மாலை, உங்கள் ஊர் நேரப்படி நாலரை மணி. நல்ல நேரம். தவறாமல் வரவும்.'

யாராவது ஒருவர் இதென்ன கூத்து என்று கேட்டிருக்க வேண்டாமா? ஒருவரும் கேட்கவில்லை. தன் ஊர் நாலரையைப் பார்த்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரே சந்தோஷம். மற்ற இரண்டு பிடிவாதக்காரர்களும் கடைசியில் தனக்கு இறங்கி வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடுமே என்று, 'வருகிறேன்' என்று மட்டும் எழுதிவிட்டுச் சும்மா இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மூவரும் குளித்து, சலவைச் சட்டை போட்டு, கம்ப்யூட்டர் முன்னால் துண்டைக் கொடி கட்டித் தொங்கவிட்டார்கள். அப்போதுதான் காலண்டர்த் தாளில் கடைசி வரி கண்ணில் பட்டது. சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம். டொரண்டோவும் ஹாம்பர்க்கும் மேற்கே!

நாச்சிமுத்து அச்சு வெல்லத்தை எடுத்து வாயில் போடப் போனார். சென்னியப்பன் கையைப் பிடித்தார்.

"இருங்க சகலை. மேக்க போறது யாருங்க? நாமளா போறோம்? துண்டோட படந்தானுங்களே போகுது?"

அதுவும் சரிதான். வெல்லத்தைத் துண்டின் முனையில் முடிந்து கட்டினார்கள்.

பதினோரு மணி. கம்ப்யூட்டரில் மணியடித்தது. திரையில் காலின். அவருக்கு நாலரை ஆகிவிட்டது.

"அவசரக்காரரு. அஞ்சரை மணி நேரம் முன்னாடியே வந்துபோட்டாரு" என்று கிசுகிசுத்தார் அத்தியப்பன்.

"பேசாதீங்க! ராகு காலம்!" என்றார் நாச்சிமுத்து.

மூவரும் கையைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். காலின் வணக்கம் சொன்னார். மௌனம். மற்ற இருவரும் வரவில்லையா என்று கேட்டார். மௌனம். துண்டின் நீலக் கோடு பச்சையாக இருக்கலாமா என்றார். மூன்று ஜோடிக் கண்கள் அவரைப் பார்த்தன. மாட்டுவதற்கு வைத்த கொக்கி வேண்டாமே என்றார். பதிலில்லை. அகலத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்கும்போது அவர் குரலே குறைந்துவிட்டது. இருபது வருஷமாகப் பேரம் பேசுகிற மனிதர், இப்படி இரும்பாக உட்கார்ந்திருக்கும் ஆட்களை அவர் பார்த்ததில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சரி, உள்ளபடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் நாலரைக்கு நம் ஊர்க் கூட்டம் ஆரம்பமானது. திரையில் ஒருவரும் இல்லை. குறித்த நேரத்தில் கூட்டத்தைத் தொடங்குவதுதான் முறை என்று நாச்சிமுத்து எழுந்து வரவேற்புரை வாசித்தார். சென்னியப்பன் துண்டின் சிறப்பை விளக்கினார். யாருக்காவது கேள்வி உண்டா என்று மூன்று முறை கேட்டார்கள். இல்லை. அத்தியப்பன் நன்றி சொன்னார்.

வாசலில் காத்திருந்த பூங்கொடி, "என்னாச்சுங்ணா?" என்று பதறிக்கொண்டு கேட்டாள்.

"அருமையா நடந்துச்சும்மா. ஒருத்தருகூட எதுத்துப் பேசலை" என்றார் நாச்சிமுத்து.

அவள் உள்ளே போய் வெறும் திரையைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அறுபது பேருக்கும் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று நினைத்து நினைத்து அழுதாள். பெரிய மாப்பிள்ளை அதைப் பார்த்தார். ஆனந்தக் கண்ணீர் என்று விட்டுவிட்டார்.

கம்ப்யூட்டரை நிறுத்தச் சொல்லி அத்தை சொல்லவில்லை. ஆகவே அது ஓடிக்கொண்டே இருந்தது. மின்விசிறியும் ஓடிக்கொண்டே இருந்தது, விளக்கும் எரிந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை அத்தியப்பன் கடிதப் பெட்டியைத் திறந்தார். காலினிடமிருந்து ஒரு ஆர்டர். மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கீழே டீட்டரிடமிருந்து ஒன்று: 'நான் வந்தபோது யாருமில்லை. துண்டு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் பார்த்தேன். பேசாமல் சரக்கைக் காட்டுகிற வியாபாரியை இன்றுதான் பார்க்கிறேன். என் கடைகளுக்கு இந்த ஆர்டர்.' அதற்கும் கீழே மார்கரெட்: 'என் இரண்டு பங்காளிகளும் வரவில்லை, ஆகவே நானே முடிவு செய்துவிட்டேன். உங்கள் துண்டின் மேல் எறும்பு வரிசையாக ஏறிப்போவதைப் பார்த்தேன். ரசாயனம் இல்லாத துணி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? என் கடைகளுக்கு இந்த ஆர்டர்.'

மூன்று பேர் முகமும் வெளுத்துவிட்டது.

"மூணு!" என்றார் சென்னியப்பன்.

"ஒரே ஒரு ஆர்டருன்னுதானுங்களே அத்தை சொன்னாங்க!" என்றார் அத்தியப்பன்.

"வேற ஒண்ணுஞ் செய்யாதீங்கன்னும் சொன்னாங்க. இப்ப ரெண்டு அதிகமாப் பண்ணிப்போட்டமே!" நாச்சிமுத்து தலையில் கைவைத்தார். "ரெண்டை வேண்டாமுன்னு எழுதிப்போடுங்க, உடனே."

வாசலில் நின்றிருந்த பூங்கொடி, அத்தியப்பன் அச்செடுத்து வைத்திருந்த ஆர்டர்த் தாள்களை எடுத்துப் புரட்டினாள். எந்த இரண்டை என்பதில் அதற்குள் சண்டை மூண்டது. டொரண்டோவை விடமுடியாது, மூன்று தடவை மணி சொன்ன அம்மாள் என்றார் நாச்சிமுத்து. ஹாம்பர்க்காரர்தான் ரசிகர் என்றார் சென்னியப்பன். சிட்னிக்காரர் நம் முகத்தைப் பார்த்தவராயிற்றே என்றார் அத்தியப்பன்.

"முதல்ல வந்ததை வெச்சுக்கலாம். பின்னால வந்ததை உட்டர்லாம். அதான் தர்மம்" என்று தீர்ப்புச் சொன்னார் நாச்சிமுத்து.

பூங்கொடி மெதுவாக உள்ளே வந்தாள். அவள் ஏற்கெனவே தாள்களைப் பார்த்துவிட்டிருந்தாள். "தாள்லயே நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பாங்கங்ணா. நல்லாப் பாத்து முடிவு பண்ணுங்க" என்றாள்.

பார்த்தார்கள். காலின், வெள்ளிக்கிழமை மாலை 4.50. டீட்டர், வெள்ளிக்கிழமை மாலை 4.50. மார்கரெட், வெள்ளிக்கிழமை மாலை 4.50.

"மூணு பேரும் ஒரே நேரத்துல குடுத்திருக்காங்க!" என்றார் சென்னியப்பன், மலைத்துப்போய்.

இதற்கு என்ன தர்மம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் பேசினார்கள். பூங்கொடி வேளாவேளைக்கு டீ கொண்டுவந்து வைத்து, "அவசரப்படாதீங்கங்ணா, பெரிய விசயம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை குழந்தையம்மாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். மூன்று மாப்பிள்ளைகளும் தலைகுனிந்து நின்றார்கள். "மன்னிச்சுக்கோங்க அத்தை. ஒண்ணு கேட்டீங்க. கைமீறி மூணாப் போயிருச்சுங்க" என்றார் நாச்சிமுத்து.

அம்மாள் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். நடந்ததைப் பூங்கொடி காதோடு காதாகச் சொன்னாள். அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், சிரிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அறுபது மிசினும் மறுநாளே ஓட ஆரம்பித்தன. முப்பது மிசின் புதிதாக வந்தது.

ஆனால் வியாபாரத்தில் நாணயம் வேண்டுமே. அம்மாள் மூன்று பேருக்கும் உண்மையை எழுதினார்: 'என் மாப்பிள்ளைகள் செய்த பிழை. நீங்கள் மூவரும் சந்திக்கவே இல்லை. வேறொரு நேரம் குறித்து ஒழுங்காகக் கூடலாம்.'

மூன்று பதிலும் வந்தன. பதினோரு வருஷத்தில் சண்டையில்லாமல் நடந்த முதல் கூட்டம் அதுதான் என்று எழுதியிருந்தார்கள், மூவரும். யாரும் தூக்கம் கெட்டு எழவில்லை, யார் சாப்பாடும் ஆறவில்லை, யாரும் யாருக்கும் குறுக்கே பேசவில்லை. இனி மாதாமாதம் முதல் வெள்ளிக்கிழமை, அவரவர் ஊர் நாலரை மணிக்குக் கூட்டம். இதைக் கம்பெனிச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்களாம்.

அன்றிலிருந்து கூட்டம் தவறாமல் நடக்கிறது. மாப்பிள்ளைகள் மூவரும் வெறும் திரைக்கு வணக்கம் சொல்லி உட்காருகிறார்கள். போன மாதம் அத்தியப்பன் டீ வாங்கப் போனவர் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தார்.

"ஏனுங்க சகலை, உலகத்துல இத்தனை பேரைக் காக்க வெக்கலாமுங்களா?" என்று நாச்சிமுத்து கடிந்துகொண்டார்.

அத்தியப்பன் வெட்கப்பட்டுத் திரையைப் பார்த்துக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெருந்தன்மைக்காரர்கள்.